முதலில் தொட்ட யானை

யானையை முதலில் தொட்டதுதான் நான் செய்த தவறு. அது தவறு என்று ஏழு மாதம் எனக்குத் தெரியாது.

கழக்கூட்டத்தில் ஆறு மாடி உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாடி முழுக்க கம்ப்யூட்டர் கம்பெனிகள். எங்களை வைத்திருந்தது அவர்கள் அல்ல, ஒரு காண்டிராக்டர். தரை துடைப்பது, தண்ணீர் கேன் ஏற்றுவது, உடைந்த நாற்காலிகளைக் கீழே இறக்குவது, ஸ்டோர் ரூமில் சாமான் எடுத்துக் கொடுப்பது, இவைதான் வேலை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிறகு தூத்துக்குடியில் உப்பளம், செங்கோட்டைப் பக்கம் செங்கல் சூளை, பூனாவில் ஓட்டல், கோவாவில் மீன் படகு. ஓரிடத்தில் ஒரு வருடம் இருந்தால் அதிகம். ஓர் ஊர் சரிப்படவில்லை என்றால் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டேன். ரயில் நிலையத்துக்குப் போய் முதலில் வருகிற வண்டியில் ஏறிவிடுவேன். திருவனந்தபுரத்துக்கு வந்ததும் அப்படித்தான்.

சேர்ந்த அன்று தரைத்தளத்துக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். இனிமேல் வருகைப் பதிவுக்குக் கையெழுத்து கிடையாது, போனில்தான் என்றார்கள். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து கஷ்டம். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு மலையாளம் தெரியாது. அதனால் கடவுச்சொல்லுக்குப் பதில் படங்கள். திரையில் பதினாறு படங்கள் வரும்: யானை, கிளி, குடை, பூட்டு, தேங்காய், வள்ளம், சைக்கிள், ரயில், செருப்பு என்று. அதில் நான்கை, நமக்குப் பிடித்த வரிசையில், தொட வேண்டும். அந்த நான்கும் அந்த வரிசையும்தான் இனி நாம். தினமும் படங்கள் இடம் மாறி வரும், ஆனால் வரிசை மாறக்கூடாது.

நான் யோசிக்கவே இல்லை. யானையைத் தொட்டேன். எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குகிற பழக்கம். பரீட்சைத் தாளில் வேறு ஒன்றும் எழுதத் தெரியாத நாட்களில்கூட அதை மட்டும் அழகாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். யானைக்குப் பிறகு ரயில். அப்புறம் குடை, செருப்பு. முடிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பாறசாலையைத் தாண்டி எல்லைப் பக்கத்து ஊர்க்காரர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். அன்றைக்கே இருவரும் ஒரே அறையை வாடகைக்கு எடுத்தோம், ஆளுக்கொரு கட்டில். அவர் தன் போனைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் வேதக்காரனாக்கும் அண்ணா. ஞாயித்துக்கிழமை தப்பாம சபைக்குப் போறவன். ஆனாலும் பாருங்க, எனக்க கை முதல்ல ஆனைக்க மேலதான் போச்சு."

நானும் சிரித்தேன். என்னுடையதும் அதுதான் என்று சொன்னேன். சுற்றிலும் நான்கைந்து பேர் தலையாட்டினார்கள்.

படங்களைத் தொட்டு முடித்தால் அடுத்து இன்னொரு சோதனை உண்டு. இதே காண்டிராக்டரின் வேறொரு கட்டடத்தில் யாரோ, வராதவர்களுக்கெல்லாம் வந்ததாகப் பதிவு போட ஒரு சின்ன புரோகிராம் எழுதி வாங்கியிருந்தார்களாம். அதிலிருந்து, தொடுவது மனிதன்தானா என்று திரையே சோதித்துப் பார்க்கும். ஒன்பது கட்டங்களில் ஒன்பது போட்டோ. பஸ் இருக்கிற கட்டங்களைத் தொடு, சிக்னல் இருக்கிற கட்டங்களைத் தொடு என்று மலையாளத்தில் வரும். மலையாள எழுத்தை நான் பஸ் போர்டுகளைப் பார்த்துப் படித்திருந்தேன், மெதுவாக வாசிப்பேன். ஸ்டோர் ரூம் சாவிப் பெட்டிக்கும் அதே முறைதான். சுவரில் ஒரு டேப்லெட் மாட்டியிருந்தது. நான்கு படம், பிறகு மனிதச் சோதனை, அதன் பிறகு பெட்டி திறக்கும்.

அந்தச் சோதனையில் நான் முதல் முறையிலேயே தேறியதே இல்லை. சிக்னல் என்றால் அதன் கம்பமும் சேர்த்தியா? பஸ்ஸின் பக்கக் கண்ணாடி மட்டும் அடுத்த கட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் அது பஸ்ஸா? இவையெல்லாம்கூடப் பரவாயில்லை. அடிக்கடி வந்தது 'சிம்மினி உள்ள கட்டங்களைத் தொடுக' என்பது. சிம்னி எனக்கு நன்றாகத் தெரியும். விளக்குக் கண்ணாடி. சின்ன வயதில் அதைச் சாம்பல் போட்டுத் துடைக்கும்போது கையிலேயே உடைந்து, கிழிந்த தழும்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. உடைத்ததற்கு விழுந்த அடிதான் அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. எனவே அந்தப் படங்களில் நான் விளக்கைத் தேடினேன். எல்லாம் வெளிநாட்டு வீடுகள், சரிந்த கூரைகள், கூரைமேல் செங்கல்லால் கட்டிய பெட்டி மாதிரி ஒன்று. புறாக் கூண்டாக இருக்கும் என்று நினைத்தேன். தெரு ஓரத்தில் கண்ணாடி மூடிய விளக்குக் கம்பம் இருந்தால் அதைத் தொடுவேன். மறுபடி முயல்க என்று வரும். மூன்றாவது, நான்காவது தடவை பஸ்ஸோ சைக்கிளோ வந்து என்னைக் காப்பாற்றும்.

எத்தனையோ மேஸ்திரிகள் என்னை மாடு என்றும் கழுதை என்றும் திட்டியிருக்கிறார்கள், எதுவும் செய்ததில்லை. ஆனால் நீ மனிதன்தானா என்று ஒரு கண்ணாடிப் பலகை கேட்டு, நான் சொல்கிற பதிலை இல்லை என்று திருப்பித் தள்ளும்போது விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னோடு பேசும்போது மட்டும் தமிழைக் கலந்துகொள்வார். ஸ்டோர் ரூமில் பழுது பார்க்க வைத்திருந்த இரண்டு லேப்டாப்களைக் காணவில்லை என்றார். பிறகு கேட்டார்.

"புதனாழ்ச்ச உச்சைக்கு நீ எவிடெ இருந்நு?"

புதன்கிழமை மத்தியானம் எங்கே இருந்தாய் என்கிறார். அன்று நான் அரை நாள் லீவு எடுத்திருந்தேன். தம்பானூருக்குப் போனேன் என்றேன். எதற்கு? ரயில் பார்க்க. யாரோடு? தனியாக. பிளாட்பார டிக்கெட் இருக்கிறதா? இல்லை. அன்று டிக்கெட் எடுக்காமல் வெளியே மேம்பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். வேறு நாளில் எல்லாம் டிக்கெட் எடுத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் சோம்பல்.

அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். புதன்கிழமை இரண்டு மணி பத்து நிமிடத்துக்குச் சாவிப் பெட்டி திறந்திருக்கிறது. திறந்தது நான். என் நான்கு படங்கள், என் வரிசை.

நான் இல்லை என்றேன். வேறு யாருக்கு உன் படங்கள் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் சொன்னதில்லை என்றேன். சொன்ன பிறகுதான் புரிந்தது, அந்தப் பதிலால் என் கழுத்தில் நானே கயிற்றை மாட்டிக்கொண்டேன் என்று.

ஆதார் அட்டையை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். மறுநாள் பத்து மணிக்குச் சிஸ்டம் ஆபீசிலிருந்து ஆள் வந்து பதிவுகளைப் பார்க்கும். அதுவரை எங்கும் போகக்கூடாது. அவர்களும் நான்தான் என்று சொன்னால் போலீஸ். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கடைசியில் பக்கத்தில் இருந்தவரிடம், பாண்டிக்காரனுக்கு ரயில் பார்க்கத்தான் லீவு வேணும் என்று சொல்லிச் சிரித்தார். தமிழர்களை அங்கே இளக்காரமாக அப்படித்தான் சொல்வார்கள்.

போலீஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வேறொரு மாநிலத்தில், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன், ஒரு லாரி டயர் காணாமல் போனதற்காக நான்கு நாள் என்னை வைத்திருந்தார்கள். டயரை எடுத்தவன் ஐந்தாம் நாள் கிடைத்தான். என்னை வெளியே விட்டார்கள். போகும்போது என் வாயில் இரண்டு பற்கள் குறைவு. யாரும் எனக்காக வரவில்லை. வருவதற்கு ஆள் இல்லை என்பது உள்ளே போன அரை மணி நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் அங்கே முக்கியம்.

அன்று முழுவதும் நான் தண்ணீர் கேன் ஏற்றினேன். ஒவ்வொரு முறை லிஃப்ட் திறக்கும்போதும் காக்கிச் சட்டை நிற்கும் என்று எதிர்பார்த்தேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் என் கால்கள் பஸ் நிறுத்தத்துக்குத் தானாகவே போயின. தம்பானூர் பஸ் ஒன்று வந்தது. வாசல் கம்பியைப் பிடித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் ஸ்டேஷன். நாகர்கோவில் வண்டியோ கொல்லம் வண்டியோ, எது முதலில் வந்தாலும் சரி. முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆனால் இந்த முறை ஏறினால் நான் கள்ளன் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். அட்டை வேறு அவர்களிடம். அதில் என் முகம் இருக்கிறது. கண்டக்டர் ஏறுகிறாயா இல்லையா என்று அதட்டினார். கையை விட்டேன்.

அறைக்கு வந்தபோது எதிர்க் கட்டில் நண்பர் ரொட்டியும் முட்டைக் கறியும் வாங்கி வைத்திருந்தார். விஷயம் அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. நாளைக்கு அவர்கள் முன்னால் என்னை அந்த மனிதச் சோதனையைச் செய்து காட்டச் சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள் என்றார்.

"அவியளுக்க முன்னால தப்பு வந்தா, கள்ளன் பயப்படுகான்னு செல்லுவாவ. ஒரே தடவையில முடிக்கணும் அண்ணா. ஒங்களுக்கு எதிலயாக்கும் தப்பு வருது?"

சிம்னியில் என்றேன். நான் எதைத் தொடுகிறேன் என்று சொன்னதும் கட்டிலில் விழுந்து சிரித்தார். பிறகு காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு வீடு வரைந்தார். சரிந்த கூரை, கூரைமேல் பெட்டி, பெட்டியிலிருந்து சுருள் சுருளாகப் புகை. குளிர் நாட்டில் வீட்டுக்குள் தீ மூட்டுவார்கள், அந்தப் புகை போகிற கூண்டுதான் சிம்னி என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. செங்கல் சூளையில் பத்து மாதம் நான் வேலை பார்த்ததே அப்படி ஒன்றின் அடியில்தான். அங்கே அதற்குப் பெயர் குழல். சிம்னி என்று யாரும் சொன்னதில்லை.

அவர் தன் போனில் வெளிநாட்டு வீடுகளின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் விரலால் தொட்டேன். இருபது வீட்டுக்கு மேல் பார்த்திருப்போம். கடைசியில் ஒன்றுகூடத் தவறவில்லை. இனி பயம் இல்லை என்று அவர் தோளில் தட்டினார். எனக்கும் பாதி பயம் போன மாதிரி இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு வந்தது ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் படித்தார். சூப்பர்வைசரோடு மலையாளத்தில் பேசினார். நான் சுவரோரம் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. ஃபேன் காற்றில் மேஜைமேல் இருந்த தாள் படபடத்தது.

திடீரென்று என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். கரமனை அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அண்ணா, நீங்கோ இந்தப் பரீட்சையில தினமும் தோத்துண்டே இருக்கேளே?"

நான் தலையைக் குனிந்தேன். தப்பு நடந்துவிட்டது, முன்பு செய்த தப்பெல்லாம் இதிலே பதிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் சூப்பர்வைசரிடம் திரும்பி, லேப்டாப் திரையில் விரல் வைத்துக் காட்டினார். அவர் சொன்னது எனக்கும் புரிந்தது. ஏழு மாதத்தில் இந்த ஆள் ஒரு நாள்கூட முதல் தடவையில் தேறியதில்லை. மூன்று, நான்கு, ஒரு நாள் ஒன்பது. புதன்கிழமை மத்தியானம் மட்டும் ஒரே தடவை. அதுவும் சிம்னிப் படம். பதினோரு செகண்டு.

அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நடக்கப்போவது என்ன என்று அதற்குள் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் விடவில்லை.

"இவன் தினமும் அபிநயிக்குந்நதாயிரிக்கும். இப்போ செய்யட்டே. நம்மள் காணட்டே."

இத்தனை நாளும் நடித்திருப்பான், இப்போது நம் கண் முன்னால் செய்யட்டும் என்கிறார். ஸ்டோர் ரூம் சுவரில் இருந்த டேப்லெட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். இருவரும் என் இரண்டு தோளுக்கும் பின்னால் நின்றார்கள். யானை, ரயில், குடை, செருப்பு. தொட்டு முடித்தேன். திரை வெள்ளையாகி, சிறு வட்டம் ஒன்று சுற்றியது. பஸ் வரட்டும் என்று வேண்டினேன். சைக்கிள், சிக்னல், எதுவானாலும் வரட்டும்.

சிம்மினி வந்தது.

ஒன்பது கட்டங்கள். மூன்று கூரைகளில் மூன்று புகைக்கூண்டுகள், செங்கல் செங்கலாகத் தெரிந்தன. இத்தனை நாள் எப்படி அது என் கண்ணில் படாமல் போனது என்று ஆச்சரியமாக இருந்தது. கீழ் வரிசையில் ஒரு கட்டத்தில் தெருவிளக்கு. முந்தைய நாள் சாயங்காலம் வரை நான் தொட்டிருக்கக்கூடியது அந்த விளக்கை. இப்போது சரியான கட்டங்களைத் தொட்டால் நான் திருடன். தவறானதைத் தொட்டால் நான் நானேதான். ஆனால் தெரிந்தே தவறாகத் தொட்டால், சூப்பர்வைசர் சொன்ன அந்த நடிப்பு, இதோ, அவர் கண் முன்னாலேயே நடக்கிறது.

என் விரல் கூரையின் பக்கம்தான் முதலில் போனது. பழகின விரல், ஒரு சாயங்காலப் பழக்கம். திரைக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. பின்னால் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. நான் விரலைக் கீழே இறக்கி விளக்கைத் தொட்டேன்.

மறுபடி முயல்க என்று வந்தது. அடுத்து பஸ். அதில் நான் வேண்டுமென்று தவறவில்லை. அவசரத்தில் பக்கத்தில் இருந்த வேனைத் தொட்டுவிட்டேன். மூன்றாவதில்தான் பெட்டி திறந்தது. சாவி உள்ளே ஆடிக்கொண்டு தொங்கியது.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். விரல் இடம் மாறியதை அவர் பார்த்திருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டது வேறு.

"சிம்னின்னா என்னன்னு நினைச்சேள், அண்ணா?"

"விளக்குக் கண்ணாடிங்க."

அது பொய் இல்லை. ஏழு மாதமும் அதைத்தான் நினைத்திருந்தேன். அவர் முதலில் சிரிக்கவில்லை. சிரித்தது சூப்பர்வைசர். சிம்மினி விளக்கு என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டு, சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டிலும் அதற்கு அதுதான் பெயராம். அப்புறம் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் சிரித்தேன்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மன்னிப்பு என்று எதுவும் இல்லை, போய் வேலையைப் பார் என்றார் சூப்பர்வைசர். லேப்டாப்கள் கிடைக்கவே இல்லை. யார் எடுத்தார்கள் என்பதும் இன்றுவரை தெரியாது. போகும் முன் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கே படங்களை மாற்றிவிடச் சொன்னார்.

"யானையை முதல்ல வைக்காதேங்கோ. இந்தக் கட்டடத்துல முக்கால்வாசிப் பேருக்கு முதல்ல யானைதான். என்னோடதும் அப்படித்தான் இருந்தது. பாக்கி மூணைக் கண்டுபிடிச்சா போறும், இல்லியோ?"

பாக்கி மூன்று. அதைப் பற்றி நான் யோசித்தது சாப்பாட்டு நேரத்தில், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது. ரயில், குடை, செருப்பு. லீவு நாளில் ரயில் பார்க்கப் போகிறவன். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே இறங்காதவன். அறைக்குள்கூடச் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறவன், எழுந்தால் உடனே கிளம்ப வசதியாக. இதையெல்லாம் பார்த்தவர் இந்த ஊரில் எத்தனை பேர்? யானைதான் முதல் என்று நான் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்ட நான்கைந்து பேரில், என் தலைமாட்டுச் செருப்பைப் பார்த்தவர் யார்?

பொட்டலத்தை மறுபடி மடித்து வைத்தேன். சிம்னியில் தவறே செய்யாதவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். நான் காலையில் அவர் சொன்னபடி செய்திருந்தால் இப்போது எங்கே இருப்பேன் என்பதும் தெரியும். ஆனால் அவர் உண்மையிலேயே எனக்கு உதவத்தான் நினைத்திருக்கலாம். அந்தப் பதிவில் எத்தனை தடவை என்பதெல்லாம் இருக்கும் என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? முட்டைக் கறி வாங்கி வைத்தவரைப் பற்றி இப்படி நினைப்பது பாவம். இரண்டு நினைப்பும் ஒரே தட்டில் கிடந்தன. இன்னும் கிடக்கின்றன.

சாயங்காலம் அறையில் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தேன். பழைய படங்களை அழித்துப் புதிய நான்கை வைக்க வேண்டும். பதினாறு படங்களும் வந்தன. வலது மூலையில் யானை நின்றது. அதைத் தொடாமல் தொடங்குவதற்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

எதிர்க் கட்டிலில் இருந்த நண்பர் எழுந்து, சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் பாக்கல்ல அண்ணா," என்றார்.

பார்க்காதீர்கள் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்றும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு எந்த விதத்திலும் சம்பந்தமில்லாத நான்கு படங்களைத் தொட்டேன். அவை என்ன என்று இங்கேகூட எழுதப் போவதில்லை. அன்றைக்குத் தலைமாட்டில் இருந்த செருப்பை எடுத்து அறைக்கு வெளியே, மற்றவர்கள் செருப்போடு சேர்த்து விட்டேன். தினமும் காலையில் முதல் படத்தைத் தொடும்போது யாரிடமோ பொய் சொல்வது போல இருக்கிறது. நடுவில் ஒரு நாள் அறையிலேயே போனை எடுத்தபோது வரிசை மறந்து போய், வேறு யாரோ ஒருவனின் கதவைத் தட்டுகிறவன் போல நின்றேன். எதிர்க் கட்டில்காரர் அப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.